ரெனேவுக்கு நான் தேர்ந்தெடுத்த வகுப்பு

காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். இந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக நான்தான் காபி போடுகிறேன். இதுவரை யாரும் மிச்சம் வைத்ததில்லை. வக்கீல் ஹாஸ்கெல் காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கோப்பையைத்தான் தேடுவார். நான் அவருடைய செயலாளர். உயில், விவாகரத்து, வீட்டுப் பத்திரம் என்று லூயிஸ்டன் ஊரில் பாதிப் பேருடைய சங்கதி என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. ஆகவே வாக்குமூலம் என்றால் என்ன என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டாம். பதிவுக் கருவியைப் போடுங்கள், பேசுகிறேன்.

என் பெயர் கிளாடெட் பூலியோ. தேர்வு நடத்தும் அமைப்பிலிருந்து வந்து நீங்கள் விசாரிக்கும் ரெனே பூலியோ என் தங்கை. எங்களுக்குள் பதினெட்டு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வளர்த்தது நான்தான். இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உங்கள் பதிவுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் தேர்ந்தெடுப்பது நான். ரொட்டி வாட்டும் இயந்திரம், பனிக்கால பூட்ஸ், அவளுடைய கார், பள்ளி நடனத்துக்கு அவள் யாரோடு போக வேண்டும் என்பதுகூட. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை எல்லாம் படிப்பேன். பாராட்டி எழுதியதைத் தொடுவதில்லை. புகார்களை மட்டும் படிப்பேன். பாராட்டும்போது ஜனங்கள் சோம்பேறிகள், கோபத்தில் எழுதும்போதுதான் விவரமாக எழுதுகிறார்கள்.

ரெனே ஒரு வங்கியின் தொலைபேசிக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கும் வேலை. போன வருடம் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் வைத்திருந்தேன். அவள் வக்கீலுக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். பீன்ஸ் ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

"நெஜமாத்தான் சொல்றேன் கிளாட். உன்னை மாதிரி ஒருத்தரோட கோட்டை வாங்கி மாட்டிட்டே வயசாகிப்போக என்னால முடியாது."

வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே சொன்னாள். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வக்கீலின் கோட்டை வாங்கி மாட்டும்போது அந்த வாக்கியத்தையும் சேர்த்து மாட்டினேன்.

எனக்கே வக்கீல் ஆசை இருந்ததா என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். இல்லை. இருபத்தெட்டு வயதில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஒரு புத்தகம் வாங்கினேன், உண்மைதான். அம்மாவுக்கு உடம்பு மோசமானதும் தேவாலயத்தில் நடந்த பழைய சாமான் விற்பனைக்கு அதைக் கொடுத்துவிட்டேன். ஒரு புத்தகம் வாங்குவது ஆசை ஆகிவிடாது. ஜனங்கள் சமையல் புத்தகம் வாங்குகிறார்கள், சமைக்கவா செய்கிறார்கள்?

தேர்வுக்கு வருகிறேன். முழு மதிப்பெண் நூற்றெண்பது. ரெனே சமையலறை மேஜையில் உட்கார்ந்து முதல்முறை எழுதிப் பார்த்தபோது நூற்றைம்பத்திரண்டு வந்தது. பாஸ்டனில் அவள் ஆசைப்பட்ட கல்லூரி உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் நூற்றெழுபதை ஒட்டி வர வேண்டும். உதவித்தொகை இல்லாமல் அவளால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. "ஒரு நல்ல கோச்சிங் வகுப்பு வேணும். நீயே பாத்து எடு, உனக்குத்தான் அந்தப் பொறுமை இருக்கு" என்றாள். எடுத்தேன்.

மூன்று இருந்தன. முதலாவது பெரிய நிறுவனம். பாடங்கள் ஒழுங்கு, ஆசிரியர்கள் ஒழுங்கு, வந்த புகார்களும் ஒழுங்கான புகார்கள். இரண்டாவது எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை ஞாயிறுதோறும் நடத்தியது. அவர் அடிக்கடி இருமுகிறார் என்பதுதான் அவர்மீது வந்த பெரிய புகார். மூன்றாவது கிராண்டல் என்ற ஒரு ஆள் கணினித் திரை வழியாக நடத்திய சிறு வகுப்பு. அவனைப் பற்றி ஒரே ஒரு புகார் இருந்தது. தேர்வில் வந்தது கிராண்டல் கொடுத்த தாளில் இருந்த அதே கேள்வி, எழுத்துக்கூட மாறவில்லை, இதை யாரிடம் சொல்வது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். மறுநாள் பார்த்தபோது அந்தக் குறிப்பு இல்லை.

உங்களுக்குத் தெரியாததா? பழைய தாள்களில் சிலவற்றை நீங்களே பயிற்சிக்கென்று விற்கிறீர்கள். மற்றவற்றைப் பூட்டிவைத்துத் திரும்பவும் பயன்படுத்துகிறீர்கள். அந்தப் பூட்டிய தாள்களை யாரோ தேர்வில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து கிராண்டலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தங்கைக்காக விசாரிக்கிறேன் என்றேன்.

"எங்ககிட்ட இருக்கறது வேற எங்கேயும் கிடைக்காது மேடம்" என்றான். "உங்க தங்கச்சி அதை யாருக்கும் காட்டாம இருந்தா போதும்."

அன்றே அவள் பெயரில் சேர்த்தேன். கணக்கு திறந்தது, கடவுச்சொல் வைத்தது எல்லாம் நான். அவளுடைய எல்லாக் கணக்குகளும் அப்படித்தான். பெரிய நிறுவனம் ஆட்டுமந்தை, இவர் தனிக் கவனம் எடுப்பவர் என்று சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றாள். அவள் கெட்டுப்போக வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. இங்கே இலையுதிர்காலத்திலேயே, பனி உருகி வழுக்காமல் இருக்கப் படிகளில் தூவ ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கொட்டகையில் போட்டுவிடுவோம். பனி உறைந்தால் எடுப்போம், இல்லையென்றால் அது பாட்டுக்குக் கிடக்கும். அப்படித்தான் அதை வைத்திருந்தேன்.

தேர்வு முடிவு வந்த அன்று ரெனே நேரே இங்கே வந்தாள். நூற்றெழுபத்தொன்று. வக்கீல் ஹாஸ்கெல் தன் அறைக் கதவைத் திறந்து கூப்பிட்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். இந்த நாற்காலியை நான் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. கட்சிக்காரர்களுக்கு மட்டும் எடுக்கும் விஸ்கியை எடுத்தார். அவர் கையாலேயே அவளுக்கு ஊற்றினார்.

"இனிமே நீங்க எங்க ஆளு" என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்து, "கிளாடெட், கொஞ்சம் ஐஸ் கொண்டு வாயேன்."

ரெனே சிரித்தாள். "நான் ஆபீஸ் போட்டதும் இவளை உங்ககிட்டேருந்து தூக்கிட்டுப் போயிடுவேன். இந்தக் காபி எனக்கு வேணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐஸ் கொண்டுவந்து வைத்தேன். அவர் நன்றிகூடச் சொன்னார்.

அந்த வாரமே உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன், பெயர் போடாமல். கிராண்டல் திருடிய கேள்விகளை விநியோகிக்கிறான், அவனுடைய மாணவர்களைப் பாருங்கள் என்று மட்டும். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நாளைக்கு சட்டம் பேசப் போகிறவர்கள் இப்படி உள்ளே நுழையக் கூடாது என்பதில் உங்களைப்போலவே எனக்கும் உறுதி உண்டு. நீங்கள் கிராண்டலைப் பிடித்தீர்கள். அவன் கணினியில் யார் யார் எந்தத் தாளைத் திறந்தார்கள் என்பது பதிவாகியிருந்தது. ரெனே பூலியோ என்ற பெயரில் எல்லாத் தாள்களும் திறக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள்கூட அத்தனை ஒழுங்கு இல்லை.

அவள் மதிப்பெண்ணை ரத்து செய்தீர்கள். முறைகேடு என்று எழுதினீர்கள். பாஸ்டன் கல்லூரி கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தக் குறிப்பு அவள் இனி எந்தச் சட்டக் கல்லூரியின் கதவைத் தட்டினாலும் அவளுக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். எப்படியோ படித்து முடித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்யும்போது நடத்தையைத் தோண்டுவார்கள், அங்கேயும் அது வரும். இதையெல்லாம் நான்தான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். பொய் நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

இப்போது நீங்கள் கேட்க வந்த விஷயம். அந்தத் தாள்கள் எல்லாம் மதிய நேரத்தில், இந்த அலுவலகக் கணினியிலிருந்து திறக்கப்பட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் ரெனே வங்கியில் இருப்பாள். உள்ளே போகும்போதே சொந்த போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இதை உங்களில் ஒருவர் கவனிக்க இவ்வளவு காலம் ஆனது எனக்கு ஆச்சரியம். விசாரணை என்றால் நான் முதல் நாளே நேரத்தைத்தான் பார்த்திருப்பேன்.

ரெனே அந்த வகுப்புக்கு இரண்டே முறைதான் போனாள். இரண்டாவது முறை முடிந்ததும் கணினியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த ஆள் சரியில்ல கிளாட். பேப்பரை யாருக்கும் காட்டாதே, பாத்துட்டு அழிச்சுடுங்கிறான். நான் ஒண்ணைக்கூடத் திறக்கல. லைப்ரரியில பழைய பேப்பரெல்லாம் இருக்கு, நானே படிச்சுக்கறேன். நீ அவன்கிட்ட சொல்லி நிறுத்திடு."

நிறுத்திவிடுகிறேன் என்றேன். நிறுத்தவில்லை. அதன்பிறகு அவள் வேலை முடிந்து தினமும் நூலகத்துக்குப் போனாள், மூடும்வரை உட்கார்ந்தாள். நூற்றெழுபத்தொன்று அவள் சொந்தமாக வாங்கியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வகுப்புக்கு நான் போனேன். வக்கீல் மதியம் சாப்பிட வெளியே போவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, சாண்ட்விச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் பெயரில் உள்ளே போவேன். வகுப்பின் பதிவைக் கேட்பேன். பிறகு தாளைத் திறப்பேன். பணம் கட்டியாகிவிட்டது, வீணாக்குவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. ஒரு வாதத்தைக் கொடுத்து இதில் ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். ஜனங்கள் இதற்கா திணறுகிறார்கள் என்று தோன்றும். அநேக நாட்கள் சாண்ட்விச் அப்படியே கிடக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று ரெனே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு பேப்பர்கூடத் திறக்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். சில நாட்கள் போனதும் அந்தப் பேச்சு மாறியது.

"ஒருவேளை திறந்திருப்பேனோ கிளாட்? அத்தனை பேப்பர்னு எழுதியிருக்காங்களே. எனக்கே இப்ப நிச்சயமாத் தெரியல."

"நீ அப்போ ரொம்பக் களைச்சுப்போய் இருந்தே" என்றேன். "எல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து தான் தப்பு செய்தவள் என்று நம்புகிறாள். மேல்முறையீடு வேண்டாம் என்று அவளே சொன்னாள். இப்போது பழையபடி வங்கிக்குப் போகிறாள், சனிக்கிழமை வீட்டில் இருக்கிறாள், தட்டைக் கழுவிவைக்கிறாள். குரல்கூட உயர்வதில்லை. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை. அவளும் அப்படித்தான் நினைப்பாள் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

என் வாக்குமூலத்தை வைத்து அவள் பெயரைத் துடைத்துவிடலாம் என்கிறீர்கள். துடையுங்கள். தாள்களைத் திறந்தது நான், வகுப்பைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தது நான், உங்களுக்குப் பெயர் போடாமல் எழுதியது நான், அவளை நம்பவைத்ததும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். வக்கீல் ஹாஸ்கெல் எனக்காகப் பேச முன்வரலாம், அது தேவைப்படாது. இந்த மாதிரி விவகாரத்தில் அவரைவிட எனக்கு நன்றாகவே பேச வரும்.

கருவியை நிறுத்திவிட்டீர்களா? திரும்பப் போடுங்கள். இவ்வளவு நேரம் எல்லாம் கேட்டீர்கள், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நூற்றெழுபத்தாறு. நான் எழுதிப் பார்த்த கடைசித் தாளில், நேரத்துக்குள் முடித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல். அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.