சங்குக்கு மாவுக்கட்டு

பரசுராமன்: உங்க சங்க இந்த வைஸ் இடுக்கில மாட்ட மாட்டேன் ஐயா. காலையிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன்.

சம்பந்தம்: துணி சுத்தி மாட்டிப் பாரேன்பா. இல்லன்னா சைக்கிள் டியூப் வெச்சுக்கோயேன்…

பரசுராமன்: டியூப் வெச்சா என்ன, மல்லிப்பூ வெச்சா என்ன? வைஸுக்கு ரெண்டு தாடை, ரெண்டும் நேரா இருக்கும். உங்க சங்குல நேரா ஒரு எடம் காட்டுங்க பாப்போம். இறுக்கினா விரியும். இறுக்கலன்னா சுத்தும்.

சம்பந்தம்: அப்ப நான் கையால பிடிச்சுக்கறேன். நீ துளை போடற மிஷின ஓட்டு.

பரசுராமன்: கையாலயா? இந்த உள்ளங்கைய கொஞ்சம் பாருங்க.

சம்பந்தம்: …அட ஈஸ்வரா. எத்தன தையலு…

பரசுராமன்: போன தீபாவளிக்கு முன்னாடி. சின்னத் தகடு. இதுக்குப் போயி கிளாம்ப் எதுக்குன்னு கையால பிடிச்சேன். மிஷின் பிட்டு கவ்விச்சு, தகடு பம்பரமாட்டம் சுத்திச்சு. அன்னிலேர்ந்து வெறும் இரும்புன்னா பரவால்ல, கொஞ்சம் ஒசந்த பொருளு மிஷின்ல ஏறினா கை நடுங்குது. தையல் போட்டது தோ வருதே, அந்த மேரிதான்.

மேரி: என் தலைய ஏன் உருட்டறீங்க அண்ணே? ஒரு வாய் சாப்புடலாம்னு வூட்டுல உக்காந்தா, பட்டறையில சண்ட போட்டுக்கினு…

பரசுராமன்: பக்கத்து வூடு ஐயா. மிஷன் ஆஸ்பத்திரில எலும்பு வார்டு நர்ஸு. பொல்லாதவ. வலிக்கும்னு நான் கத்தறேன். ‘அண்ணே, ஜன்னல்ல காக்கா பாரு’ன்னா. திரும்பினேன். ஊசி எறங்கிடுச்சு.

மேரி: கொழந்தைங்களுக்குக் காட்டற காக்காதான். மீச வெச்சவங்களுக்கும் வேல செய்யுது. …ஐயா, நீங்க கோயில்ல சங்கு ஊதறவருதானே? சாயரட்சைக்கு நீங்க ஊதினப்பறம்தான் நான் டியூட்டிக்கே கெளம்பறது.

சம்பந்தம்: ஆமாம்மா. அந்த சங்குதான் இது.

மேரி: இத எதுக்குப் பட்டறைக்குக் கொண்டாந்தீங்க?

சம்பந்தம்: எடது கை மா. சித்திரையில இழுத்துக்கிச்சு. இப்ப தேவலாம், ஆனா பிடி நிக்கல. போன வெள்ளிக்கிழம ஊதும்போது நழுவிடுச்சு… பக்கத்துல நின்ன தவில்காரரு ஏந்திக்கினாரு. கோயில் ஆபீசரு பாத்துட்டாரு. ‘துளை போட்டு சங்கிலி கோத்து கழுத்துல மாட்டிக்குங்க. இல்லன்னா வேற ஆளப் போடறேன்’னுட்டாரு.

மேரி: எத்தினி துளை?

சம்பந்தம்: ஒண்ணே ஒண்ணு. சங்கோட உதட்டு ஓரத்துல, கம்பி போற அளவு. ஆசாரி தொட மாட்டேன்னுட்டாரு. எங்க தாத்தா ஊதினது, எங்க அப்பா ஊதினது. இத ஊதாம சாயங்காலமான்னா நான் எங்கம்மா போயி நிப்பேன்?

பரசுராமன்: எனக்கும் மனசு கேக்கல மேரி. அரக்குல பதிக்கலாம்னா சூட்டுல விரிசல் வுடும். மணல்ல பொதைச்சா ஆடும். பிடிக்கற வழிதான் தெரியல. பிடி கெடைச்சா துளை ஒரு நிமிஷம்.

மேரி: கைய ஒடைச்சுக்கினு வர்றவங்கள நாங்க வைஸ்லயா மாட்டறோம்?

பரசுராமன்: என்னாது?

மேரி: மாவுக்கட்டு அண்ணே. எலும்பு எப்படிக் கோணிக்கினு இருந்தாலும் மாவு அதோட வளைவுக்கு வளைஞ்சு குடுக்கும். அப்பறம் இறுகிடும். ஒரு எடத்துல அழுத்தாது, ஒரு எடத்துல வுடாது.

பரசுராமன்: இரு இரு… பிஸ்கோத்து டின்னுல மாவ கரைச்சு ஊத்தி, சங்க உள்ள பதிச்சு… உதட்டு ஓரம் மட்டும் ஒரு வெரல் அகலம் வெளிய தெரியணும். டின்னோட அடி சமமா உக்காரும். மேஜையில ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முடுக்கினா… நான் டின்ன பிடிக்கறேன். டின்னு சங்க பிடிச்சுக்குது.

மேரி: அப்பாடா. பித்தம் தெளிஞ்சுது.

சம்பந்தம்: மாவு சங்குலயே ஒட்டிக்கினா என்னாம்மா பண்றது?

மேரி: எண்ணெ தடவி, மேல பட்டுக் கழிவு சுத்திடலாம். எந்தத் தறி வூட்டுல கேட்டாலும் ஒரு பிடி தருவாங்க.

பரசுராமன்: ஒண்ணு சொல்லிடறேன். மொதல்லயே கோயில் சங்குல கை வெக்க மாட்டேன். மாமல்லபுரத்துக் கடையில வாங்கின சங்கு ஒண்ணு எங்க வூட்டு அலமாரில தூங்குது. அதயும் இதேபோல கட்டுங்க. அதுல போட்டுப் பாக்கறேன். ஒடைஞ்சா ஒடைஞ்சுட்டுப் போவுது.

மேரி: நல்லதாப் போச்சு. நீங்க பிட்ட தீட்டிக்கினு இருங்க. நானும் ஐயாவும் எங்க வூட்டுல ரெண்டுத்தயும் கட்டி எடுத்தாறோம்.

*

பரசுராமன்: ரெண்டு டின்னும் ரெட்டப் புள்ளையாட்டம் இருக்குதே. எது எதுன்னு எப்படித் தெரியும்?

சம்பந்தம்: ஒண்ணுல குங்குமம் வெச்சிருக்கேன் பாருப்பா. பொட்டு வெச்சது ஓரமா இருக்கட்டும். மொதல்ல வெறும் டின்ன எடு.

பரசுராமன்: வா ராசா, மாமல்லபுரத்து ராசா. …முடுக்கியாச்சு. ஆட்டிப் பாரு மேரி.

மேரி: மேஜதான் அசையுது. டின்னு அசையல.

பரசுராமன்: சுவிட்ச போடு. அந்தச் சொம்பு தண்ணிய சொட்டுச் சொட்டா வுட்டுக்கினே இரு. …ம். நான் அழுத்தவே இல்ல, அதுவா எறங்குது பாரு.

மேரி: பல்லு டாக்டரு ரூம் வாசன வருது…

பரசுராமன்: ஐயா, நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்தறீங்க? கடைச் சங்குக்கே இப்படின்னா…

சம்பந்தம்: மிஷின் சூடுப்பா. நீ அதப் பாரு.

பரசுராமன்: நீ என்னா மேரி, சிலுவ போட்டுக்கினு?

மேரி: பழக்கம். பேசாம எறக்குங்க அண்ணே.

பரசுராமன்: …இன்னும் கொஞ்சம். …இன்னும்… தாண்டிடுச்சு. நிறுத்து. மேரி, வெரல் வெச்சுப் பாரேன். ஒரு முடி விரிசல் இல்ல.

மேரி: தேவனே…

பரசுராமன்: எங்க ஊரு முசரவாக்கத்துல ஏர் பிடிச்ச கை மா இது. மாவும் பட்டும் சேந்துக்கினு எப்படிப் பிடிச்சிருக்குது பாரு, தாய் புள்ளயப் பிடிச்சாப்ல. எத்தினி வருஷம் இரும்போட மல்லுக்கட்டியிருக்கேன், இப்படி ஒரு பிடி பாத்ததில்ல. …ஐயா, கண்ணுல என்னா தண்ணி?

சம்பந்தம்: சங்குத் தூசிப்பா.

பரசுராமன்: சரி, இத எடுத்துக்குங்க. பொட்டு வெச்சத இப்படிக் குடுங்க. …ஆங். முடுக்கியாச்சு.

மேரி: ம்.

பரசுராமன்: சுவிட்ச போ… இரு, போடாத.

மேரி: அண்ணே?

பரசுராமன்: கை நிக்கல மேரி. பாரு. இப்பத்தானே கல்லாட்டம் இருந்துச்சு… ஐயா, தப்பா நெனைக்காதீங்க. மெட்ராஸ்ல பெரிய ஒர்க்ஷாப்புங்க இருக்குது. அங்க எடுத்துக்கினு போங்க. உங்க அப்பா வாய் வெச்ச சங்கு. என் கையால ஒரு கீறல் வுழுந்தா இந்தத் தெருவுல நான் எப்படி நடப்பேன்?

மேரி: கொஞ்ச நேரம் அந்தக் குங்குமப் பொட்டயே பாத்துக்கினு நில்லுங்க. மூச்ச இழுத்து வுடுங்க. திரும்பாதீங்க.

பரசுராமன்: பின்னாடி என்னா தட்டறீங்க?

மேரி: துளை போட்ட டின்னோட கட்டப் பிரிக்கறேன். நம்ம வேலதானே இது. …ஐயா, சங்கிலிய இப்படிக் கோத்துக்குங்க. கழுத்துல மாட்டுங்க. எடது கைய எடுத்துடுங்க.

சம்பந்தம்: எடுத்துட்டேன் மா. …நிக்குது. விழல. நிக்குதும்மா.

மேரி: ஊதுங்க.

பரசுராமன்: அலமாரி சங்குல என்னா சத்தம் வரப் போவுது? நாய் கொலைக்கற மாதிரி…

சம்பந்தம்: பூம்ம்ம்………

மேரி: கேக்குதா அண்ணே? தறியெல்லாம் நின்னுடுச்சு. தெருவுல ஒரு தறி ஓடல.

பரசுராமன்: மிஷின் மேஜ அதிருது மேரி. கைய வெச்சிருக்கேன்… எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது.

மேரி: எதிர் வூட்டு இந்திராணியக்கா வாசல்ல வந்து கும்புடுது. நடை தொறக்கற நேரமாகலியேன்னு முழிக்குது, ஆனா கும்புட்ட கைய எறக்கல.

பரசுராமன்: இது கடைச் சங்கு சத்தமில்ல. நான் தெனம் பட்டறைய நிறுத்திட்டுக் கேக்கற சத்தம். ஆனா பொட்டு வெச்ச டின்னு என் முன்னாடி இருக்குது. அப்ப ஐயா கையில…

சம்பந்தம்: பொட்டு வெச்சவன் நாந்தாம்பா. மாமல்லபுரத்து சங்குக்கும் ஒரு நாள் மரியாத கெடைக்கட்டுமே.

பரசுராமன்: அப்ப நான் துளை போட்டது… தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேனே. ரெண்டு பேருமா சேந்து என்னா காரியம் பண்ணிட்டீங்க?

மேரி: இப்பத் திரும்பலாம் அண்ணே. காக்கா பறந்துடுச்சு.