கடைசிப் பத்தி

நாற்காலியில் இருக்கும் அகராதிகளைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அண்ணனுடையவை. அவர் போய்விட்டார், எனக்கு அவை தேவையில்லை.

ஜப்பானியச் சிறுகதைகளை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பத்துக் கதை, ஆறு வருடம். பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் மூலத்தைப் பூதக்கண்ணாடியில் படித்து ஆங்கிலத்தில் சொல்வார். நான் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பேன். புத்தகம் வெளிவருவதற்குள் பார்வை முழுதும் போய்விட்டது.

ஒரு கதையில் ஒருத்தி மழையில் குடையை மடக்கிவிட்டு நிற்பாள். அத்தோடு முடிந்தது. அண்ணனுக்குப் பொறுக்காது. ‘தன் தனிமையை அவள் உணர்ந்தாள்’ என்று கைச்சரக்காக ஒரு பத்தி சேர்ப்பார். வாசகருக்கு ஊட்டிவிட்டு வாயையும் துடைத்துவிட வேண்டும் அவருக்கு. பத்துக் கதைக்கும் அப்படித்தான். அந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் அடித்த கையோடு அழித்துவிடுவேன். விசைச் சத்தம் கேட்டால் போதும், மேதைக்குத் திருப்தி.

விமர்சகர்கள் ‘முடிவுகளில் உறையும் மௌனம்’ என்று உருகினார்கள். அதைக் கேட்டதும் அண்ணனுக்குச் சந்தேகம். புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். ஒன்பது கதை கேட்டார்.

“யாரு வெட்டினது?”

“நல்லாருக்குன்னுதானே எல்லாரும் சொல்றாங்க, அண்ணா.”

“உன்னையா சொல்றாங்க? டைப் அடிக்கத்தானே உன்ன உட்கார வச்சேன்? நாளைக்குப் பதிப்பாளர் வரட்டும். அடுத்த பதிப்புல பத்தையும் சேர்க்கச் சொல்றேன். ம், கடைசிக் கதையையும் வாசி.”

மூன்றாம் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “மாத்திரை” என்றார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது.

வாசிக்கும்போது நடுவில் யாரும் எழக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முப்பது வருடமாக மீறாதவள் நான். மீதி எட்டுப் பக்கம். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். முடிவு அருமையாக வந்தது. அவர் எதையும் சேர்க்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்காக நான் எழுந்திருக்கத் தேவையே இல்லை. டப்பா என் மடியில்தான் இருந்தது.

பெயருக்காகச் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. பதிப்பாளர் அனுப்பிய இருபத்தைந்து பிரதிகளையும் அட்டையிலிருந்து நன்றியுரை வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.