கெட்ட வார்த்தை ஒண்ணும் சொல்லலீங்க

இல்லீங்க மேடம், கெட்ட வார்த்தை ஒண்ணுகூட சொல்லல. புகார்த் தாள்ல அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியல. வீட்டுக்காரர் அடிச்சாரு, அது நெஜம். ஆனா திட்டிட்டு அடிக்கல, கொஞ்சிட்டு அடிச்சாரு. சிரிக்காதீங்க. சரி, நீங்க சிரிக்கல, எனக்கு அப்படிப் பட்டுது. போன குளிர்காலத்துல இதே நாற்காலியில வந்து உக்காந்தப்ப உங்க எடத்துல மீசைக்காரப் போலீஸ் ஒருத்தர் இருந்தாரு. அவர் சிரிச்சாரு. அதான்.

ஐயோ, தங்கம்னு கூப்பிடாதீங்க மேடம். கோவிச்சுக்காதீங்க, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. என் பேர் மெல்போ, அப்படியே கூப்பிடுங்க. அந்தப் பேர் என் காதுல விழுந்து நாலு வருசமாச்சு.

எங்க வீட்டுக்காரர் ஸ்ட்ராட்டோஸ். துறைமுகச் சந்தையில மூணாவது மீன்கடை. பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது. எல்லாருக்கும் தெரியும். வர்ற பொம்பளைங்க எல்லாம் அவருக்கு என் பொம்மை, என் குருவி, என் தேனு. எண்பது வயசுக் கெழவி வந்தாலும் பொம்மைதான். நெத்திலியைக்கூட என் வெள்ளிக்குஞ்சேன்னு சொல்லிக்கிட்டேதான் தலையைக் கிள்ளுவாரு. மத்தி வாங்கப் போயித்தான் நானும் விழுந்தேன். எங்க வீட்டுல, லெம்னோஸ் தீவுல, யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. எங்கப்பா என்னை ஏய்னுதான் கூப்பிடுவாரு. ஒருத்தர் என் கண்ணேன்னதும் காது கூசுச்சு. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

இப்பக் குமட்டுது. சக்கரைப் பாகுல ஊறின பலகாரத்தை வாயில வெச்சு, உள்ள மீன் செதில் தட்டுப்பட்டா எப்படி இருக்கும், அப்படி.

எப்படி அடிப்பாருன்னா... சொல்றேன், சொல்றேன். மொதல்ல கதவைச் சாத்துவாரு. மீன் நாத்தம் போக எலுமிச்சம்பழம் தேச்சுக் கையைக் கழுவுவாரு. அப்புறம் மெதுவா, என் கண்ணே, சூப்புல உப்பு இல்லியேன்னுவாரு. கன்னத்துல விழும். என் உயிரே, பால்கனியில நின்னு யாரோட பேசிக்கிட்டிருந்தேன்னுவாரு. மறுபடி விழும். குரல் ஒசரவே ஒசராது.

கீழ்வீட்டுல மாமியார் இருக்காங்க. அவங்ககிட்ட அழுதேன். எம்மவன் கண்ணுங்கறான், உயிருங்கறான், எனக்குக் கீழ வரைக்கும் கேக்குது, என் புருசன் என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பானா, நீ குடுத்து வெச்சவடீன்னாங்க. சொல்லிட்டு என் மகளைத் தூக்கி, கண்ணு படக்கூடாதுன்னு தூ தூ தூன்னு மூஞ்சியிலயே துப்பி, உன்னை அப்படியே தின்னுடுவேன்னு கன்னத்தைக் கடிச்சாங்க. கன்னமெல்லாம் எச்சில். தொடைக்கப் போனா என் கையைத் தட்டிவிட்டாங்க.

அக்கம்பக்கத்துல விசாரிச்சா எல்லாம் எனக்கு எதிராத்தான் வரும் மேடம். அவ்வளவு இனிக்கப் பேசற மனுசனான்னுவாங்க. அந்த மீசைக்காரர் முன்னாடியும் அதான் நடந்துச்சு. ஸ்ட்ராட்டோஸ் ஓடி வந்தாரு, கண்ணுல தண்ணி. என் வாழ்க்கையே, வா வீட்டுக்குப் போலாம்னாரு. புருசன் இப்படிக் கொஞ்சறப்ப என்னம்மா புகாருன்னு சொல்லி மீசைக்காரர் பேனாவை மூடிட்டாரு. நானும் எந்திரிச்சுப் போனேன். என்ன பண்றது. இன்னிக்கும் எழுதாம அனுப்பினீங்கன்னா எனக்குப் போறதுக்கு அந்த வீடுதான். அதனால எழுதிருங்க.

எனக்கு ஒண்ணு தோணும். ஆறாவது வரைக்கும் படிச்சவ, தப்பா இருந்தா விட்டுருங்க. நம்ம கிரேக்கப் பேச்சுல எதோட வேணும்னாலும் என்-ங்கற சொல்லை ஒட்டிட்டாக் கொஞ்சலாயிடுது. வண்டு, பொம்மை, கண்ணு, எது கெடச்சாலும். ஆனா அவருக்குக் கண்ணும் வேணாம், உயிரும் வேணாம் மேடம். அந்த ஒட்டு இருக்கே, என்னோடதுங்கற அந்த ஒட்டு, அதுக்குத்தான் மத்ததெல்லாம்.

காயமா? புதுசா ஒண்ணுமில்ல. இது போன வாரத்தது, மஞ்சளாயிடுச்சு. இன்னிக்கு அவர் அடிக்கல. விடியறதுக்குள்ளயே சந்தைக்குப் போயிட்டாரு. பின்ன இன்னிக்கு ஏன் வந்தேன்னு கேட்டீங்கன்னா... அது உங்க தாள்ல எழுதற விசயமில்லீங்க.

மக ஸஃபிரா, அதோ பெஞ்சுல தூங்கறாளே, ரெண்டரை வயசு. அவளுக்குப் பேச்சு இப்பத்தான் வருது. காலையில கீழ குந்தி அவளுக்கு ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன். என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சா. என் கண்ணேன்னா. மொதத் தடவை மேடம், என்னைப் பாத்து, மழலையில. நான் சட்டுனு முழங்கையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்.

புள்ள என்ன தப்புப் பண்ணிட்டோம்னு தெரியாம ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுக்கிட்டா. இன்னொரு ஷூவை மாட்டக்கூட நிக்கல, அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்.