எடை குறைக்கும் லிஃப்ட்

— அதுக்காக எடை மெஷினை லிஃப்டுக்குள்ளயா தூக்கிட்டு வருவாங்க? குளியலறையிலயே ஏறி நின்னா ஆகாதா?

— அங்கே நின்னா தொண்ணூத்தி நாலு காட்டுது, இவளே.

— நீங்க தொண்ணூத்தி நாலுதானே இருக்கீங்க?

— முப்பது வருஷம் காலேஜ்ல இயற்பியல் நடத்தினவன்கிட்ட இப்படிப் பேசாதே. மெஷின் காட்டுற எடை சந்தர்ப்பத்தைப் பொறுத்தது.

— நம்ம டாக்டர் பொண்ணு அப்படிச் சொல்லலையே. தொண்ணூறுக்குக் கீழே போட்டோ வந்தாத்தான் அப்பாவுக்குக் கேக்கு, இல்லேன்னா இந்த மாசம் பூரா பேக்கரிப் பக்கமே விடாதேன்னுல்ல சொன்னா!

— அவ படிச்சது வெறும் மருத்துவம். கவனி. லிஃப்ட் கீழே கிளம்புற அந்த நொடி, தரை என் காலுக்கடியிலேருந்து நழுவப் பார்க்கும். நான் மெஷினை அழுத்துற விசை குறையும். முள் இறங்கும். நீ டக்குனு போட்டோ எடுத்துடணும்.

— அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க?

— அறிவியல் நடக்குதுன்னு நினைப்பாங்க.

— பெத்த பொண்ணை ஏமாத்துறது அறிவியலாக்கும்!

— ஏமாத்துறதா? இது இயற்கையோட விதி. விதியை மீற எனக்கே அதிகாரம் கிடையாது.

— சத்தமாச் சொல்லுங்க, ஃபேன் இரைச்சல்ல கேக்கல.

— விதியை மீற எனக்கே அதிகாரம் கிடையாதுன்னேன்! போனை ஒழுங்காப் பிடி. முள் தெரியுதா?

— தொப்பைதான் தெரியுது. உள்ளே இழுங்க.

— இழுத்தாச்சு. பட்டனை அமுக்கு.

— ஏழாவது மாடியிலேருந்து கிளம்பியாச்சு... ஏங்க, ஏங்க, நீங்க கிளம்பிட்டீங்க, உங்க தொப்பை இன்னும் மேலேயே நிக்குதே!

— அதுக்குப் பேர் நிலைமம். சிரிக்காதே, கை ஆடுது. முள்ளைப் பாரு!

— அடேயப்பா, எண்பத்தேழு!

— பாத்தியா! ஏழு கிலோ! ஓடல, நடக்கல, ஒரு வேளை பட்டினி கிடக்கல. நின்ன இடத்துல நின்னு இளைச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்!

— இளைச்சவர் மறுபடி தொண்ணூத்தி நாலுக்கு வந்துட்டாரே.

— வேகம் சீராயிடுச்சு, அவ்வளவுதான். அது நமக்குத் தேவையில்ல. கிரீம் கேக்கா, சாக்லேட் கேக்கா, அதை யோசி.

— கம்பியைப் பிடிச்சுக்கோங்க, நிக்கப் போகுது... ஐயையோ, நூத்தி ஒண்ணு!

— நிக்கும்போது தரை கூடுதலா மேலே தள்ளும். அதே விதிதான், எதிர்ப்பக்கம். இதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியக் கூடாது. எண்பத்தேழு போட்டோவை மட்டும் அவளுக்கு அனுப்பு.

— போட்டோவா? எனக்கு எங்கே அந்த டக்குனு எடுக்கிறதெல்லாம் வருது! அதான் லிஃப்டுல ஏறும்போதே வீடியோ கால் போட்டுட்டேன்.

— வீடியோ காலா! யாருக்கு?

— எனக்குத்தான்ப்பா, உங்க டாக்டர் பொண்ணுக்கு! விதியை மீற எனக்கும் அதிகாரம் கிடையாதுப்பா. நூத்தி ஒண்ணுன்னு குறிச்சுக்கிட்டேன்.