துணை நின்றவருக்கு ஒரு பட்டயம்

காப்பி நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். டாக்டர் எனக்குச் சர்க்கரை கூடாது என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் கொண்டுவந்து கொடுத்த கான்ஸ்டபிளிடம் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நான் தமிழிலேயே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் காரு. உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். எங்கேயாவது புரியவில்லை என்றால் நிறுத்துங்கள், நானே தெலுங்கில் திருப்பிச் சொல்கிறேன்.

பெயர் கோவர்த்தனன். வயது நாற்பத்திரண்டு. புத்தூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பம்பாயில் ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்துவிட்டு, ஐம்பத்தொன்றில் இதே சித்தூரில், கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில், ஒரு மாடியில் ஆபீஸ் திறந்தேன். அப்போது இந்த ஜில்லாவில் ஆர்க்கிடெக்ட் என்றால் யாருக்கும் தெரியாது. மேஸ்திரி இருக்கும்போது நீ எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு வருஷம் காம்பவுண்டுச் சுவரும் மாட்டுக்கொட்டகையும் வரைந்தேன்.

முனிகிருஷ்ணன் வந்தது ஐம்பத்துமூன்று அக்டோபரில். ஆந்திர ராஜ்யம் பிறந்த மாதம். அவன் ஒரு சர்க்கார் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தான். ஆபீஸ் கர்நூலுக்குப் போகிறது, நீயும் வா என்றார்கள். அவன் நகரிக்காரன். நெசவுக் குடும்பம். அப்போதுதான் ருக்மணியோடு கல்யாணமாகியிருந்தது. கர்நூலுக்குப் போகாமல் என் மாடிப்படி ஏறி வந்து, வேலை இருக்கிறதா என்று கேட்டான். வெறும் எஸ்.எஸ்.எல்.சி. கான்கிரீட் கணக்கெல்லாம் தபாலில் புத்தகம் வரவழைத்துத் தானே படித்தது.

அவனைப் பற்றி நான் குறைவாகச் சொல்லக்கூடாது. அவன் கை வைத்த வரைபடத்தில் அழித்த தடம் இருக்காது. ஐம்பத்தைந்தில் ஒரு நாள், ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குக் கூரை எப்படிப் போடுவது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, அவன் வீட்டுத் தறியில் நெய்த வேட்டி ஒன்றை எடுத்துவந்தான். நாலு முனையையும் நாலு ஸ்டூலில் கட்டித் தொங்கவிட்டு, சுண்ணச் சாந்தைக் கரைத்து ஊற்றினான். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மேஜைமேல் வைத்தான். துணி தன் பாரத்துக்குத் தானே எடுத்துக்கொண்ட வளைவு, திருப்பினால் அதுவே கூரை. மூன்று அங்குல கனம் போதும், நடுவில் தூண் வேண்டாம் என்று கணக்கைப் பக்கத்தில் வைத்தான். நான் அதன்மேல் ஏறி நின்றேன். விரிசல் விடவில்லை.

அந்தக் கூரைதான் நான். அதற்குப் பிறகு கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை, மாங்காய்க் கிடங்கு என்று வேலை வரத் தொடங்கியது. மதராஸில் எங்கள் ஆர்க்கிடெக்டுகள் சங்கம் எனக்கு மெடல் கொடுத்தது. மேடையில் நான் வேட்டிக் கதையைச் சொன்னேன். என் வேட்டி என்று சொன்னேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது அப்படி வந்துவிட்டது. முனிகிருஷ்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வருகிற ரயிலில், நல்லாப் பேசினீங்க சார் என்று மட்டும் சொன்னான்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, போன வருஷம் என் நிலைமை என்ன என்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் நடுவே எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மதராஸ் பக்கம், எங்கள் ஊரும் சித்தூரும் இந்தப் பக்கம். என் மனைவி சுலோசனா, பிள்ளைகள் தமிழில் படிக்கவேண்டும் என்று ஜூன் மாதமே மதராஸில் வீடு பிடித்துப் போய்விட்டாள். நானும் ஆபீஸை அங்கே மாற்றுவதாக இருந்தேன். மதராஸில் என்னைத் தெரிந்தவர்கள் அந்த ஒரு கூரைக்காகத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள். வேறொன்றும் என்னிடம் இல்லை.

அக்டோபரில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆர்க்கிடெக்ட் பட்டம் இல்லாமலே இந்தத் தொழிலுக்குத் துணை நின்று அதை வளர்த்தவர்களுக்கு இந்த வருஷம் முதல் ஒரு பட்டயம் கொடுக்கப்போகிறார்களாம். இன்ஜினீயர், மேஸ்திரி, டிராப்ட்ஸ்மேன், சிற்பி, யாராகவும் இருக்கலாம். முதல் பட்டயம் முனிகிருஷ்ணனுக்கு. திருப்பதியில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சத்திரத்தை ஒரு ரிடையர்டு இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, அவனோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போய்ச் சிபாரிசு செய்திருக்கிறார். அவனுடைய பணி என்ன என்று நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும், விழாவில் அவனே சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை நான்கு நாள் பையில் வைத்திருந்தேன். உள்ளதை எழுதினால் என் மெடல் பொய். இல்லாததை எழுதினால் அவன் மேடையில் வாயைத் திறந்ததும் நான் பொய். வேண்டாம் என்று பதில் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். ஐந்தாம் நாள் அவனிடமே கொடுத்தேன்.

அவன் மூன்று தரம் படித்தான். பிறகு என்னிடம் கேட்டான். “சார், அந்த வேட்டி அச்சு இன்னும் நம்ம பரண்ல கீது. எடுத்துக்கினு போலாமா? அவங்க கேட்டா, எப்படிப் பண்ணேன்னு காட்டிடலாம்.”

எடுத்துப் போகலாம் என்றேன். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் இருந்தால் பேசி முடித்திருக்கலாம்.

டிசம்பரில் திருப்பதிச் சத்திரத்துக்குக் கூரை போட்டோம். யாத்திரிகர்கள் தங்கப் பெரிய ஹால், பின்பக்கம் அவர்கள் மூட்டை முடிச்சுகளை வைக்க மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி அறை. கான்கிரீட் இறுகும்வரை தாங்கக் கீழே சவுக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்திருந்தோம். இருபத்தெட்டு நாள் முட்டுகளைப் பிரிக்கக்கூடாது, மழை விடாமல் பெய்வதால் இன்னும் பத்து நாள் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று முனிகிருஷ்ணன் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தான். தருமகர்த்தா நாகபூஷணம் வைகுண்ட ஏகாதசிக்குள் திறக்கவேண்டும் என்று அவசரப்படுத்தினார். அது உண்மை, அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

கூரை போட்ட பத்தொன்பதாம் நாள் முனிகிருஷ்ணன் நகரிக்குப் போயிருந்தான். காலையில் நான் மேஸ்திரி கன்னையாவைக் கூப்பிட்டு, பின்பக்கத்து முட்டுகளைப் பிரிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். முனிகிருஷ்ணன் வரட்டும் சார் என்றார். இங்கே ஆர்க்கிடெக்ட் யார் என்று கேட்டேன். பிரித்தார்கள். கூரை நின்றது. ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

மதியப் பஸ்ஸில் முனிகிருஷ்ணன் வந்தான். தெருவிலிருந்தே பார்த்துவிட்டான். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முட்டுக் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். இரண்டாவதையும் கொண்டுபோனான். மூன்றாவதை எடுக்க அவன் வரவில்லை. முதலில் ஒரு துணி கிழிகிற மாதிரி சத்தம். பிறகு நடுஹால் தொடங்கிப் பின்பக்கம் முழுவதும் இறங்கிவிட்டது.

அவன் உள்ளே போவான் என்று உங்களுக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். ஆறு வருஷம் கூடவே இருந்தவன். முட்டுகளைப் பிரித்திருப்பதைப் பார்த்தால் அவன் உள்ளே போகாமல் இருக்கமாட்டான். தெரியும். ஆனால் கூரை விழும் என்று தெரியாது. இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கன்னையாவும் ஆட்களும் ஓடிவந்தார்கள். போலீஸ் வந்தது. எங்கே இருந்தான் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். பிளான் என் கையில் இருந்தது. நான் ஹாலுக்கு நடுவே ஒரு இடத்தைக் காட்டினேன். அங்கே தோண்டத் தொடங்கினார்கள். அந்த நேரம் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அவன் இறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

நான் பின்சுவரைச் சுற்றி வந்தேன். கூரைத் தண்ணீர் இறங்குகிற இரும்புக் குழாய், பெட்டி அறை மூலை வழியாக இறங்கி, வெளியே சாக்கடைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்தக் குழாயில் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. நான் குனிந்தேன். அறைக்குள்ளே குழாய் உடைந்திருக்கவேண்டும், குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி தெளிவாக வந்தது.

“யாரு? சாரா?”

“நான்தான், முனிகிருஷ்ணா.”

“படிக்குக் கீழ கீறேன் சார். காலு மாட்டிக்கினு கீது. வேற ஒண்ணும் இல்ல. ருக்மணிக்குச் சொல்லிடாதீங்க, பயந்துடுவா.”

அவன் குரலில் பயம் இல்லை. நான் வந்துவிட்டேன் அல்லவா. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இன்ஸ்பெக்டர் காரு. மனசு ரொம்ப அமைதியாக இருந்தது. அக்டோபருக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி இருந்தது. நான் சொன்னேன். “எல்லாரும் வந்துகினு இருக்காங்க. நீ தட்டாத. பேசாத. மூச்சை மிச்சம் பண்ணு. நான் இருக்கேன்.”

“சரி சார்” என்றான். தட்டுவதை நிறுத்திவிட்டான்.

நான் எழுந்து மற்றவர்கள் இருந்த இடத்துக்குப் போனேன். சற்று நேரத்தில் கன்னையா வந்து, பெட்டி அறைப் பக்கம் தட்டுகிற மாதிரி முன்னே கேட்டது சார் என்றார். கான்கிரீட் இறங்குகிற சத்தம், அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள், மிச்சமும் விழும் என்றேன். அவர் நின்று காது கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நடுஹாலில் வெளிச்சம் போகும்வரை தோண்டினார்கள். நான் இடையில் இரண்டு முறை குழாய்க்குப் போனேன். முதல் முறை, இன்னும் கொஞ்ச நேரம் என்று சொன்னேன். அவன் தண்ணீர் கேட்டான். குழாய் வழியாகக் கொஞ்சம் ஊற்றியிருக்கலாம்தான், அது தோன்றவில்லை. இரண்டாம் முறை நான் எதுவும் சொல்லவில்லை. என் தோள் துண்டைச் சுருட்டிக் குழாயின் வாயில் வைத்தேன். சாக்கடைப் பக்கம் குளிர்காற்று அடித்தது, உள்ளே போகக்கூடாது என்று வைத்தேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, நடுஹாலில் ஒன்றும் கிடைக்காமல், பெட்டி அறைக்கு வந்தார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போய் நாலைந்து மணி நேரம்தான் ஆகிறது என்றார். பலபேர் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

சங்கம் பட்டயத்தை நிறுத்தவில்லை. பிப்ரவரியில் ருக்மணியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் நான்தான் எழுதி, நானே படித்தேன். ஆர்க்கிடெக்டின் எண்ணத்தை வழுவாமல் வரைந்து தந்த விசுவாசமான துணைவர் என்று எழுதியிருந்தேன். சபை எழுந்து நின்றது. கேள்வி கேட்க யாருமில்லை.

விழா முடிந்து வராந்தாவில் அவள் தனியாக நின்றிருந்தாள். பட்டயத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. “கடைசியிலேயும் உன் நினைப்புத்தாம்மா அவனுக்கு. காலு மாட்டிக்கினு கீது, ருக்மணிக்குச் சொல்லிடாதீங்க, பயந்துடுவான்னான்” என்றேன்.

அவள் பட்டயத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். “எப்ப சொன்னாரு?” என்று கேட்டாள்.

அதோடு நடந்து போய்விட்டாள். நகரிக்குப் போகாமல் நேரே திருப்பதிக்குப் போய்க் கன்னையாவைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் உங்களிடம் வந்திருக்கிறாள். ஏப்ரல் ஒன்றில் திருத்தணி மதராஸோடு சேருகிறது, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய்விடுங்கள், அங்கே வேறு போலீஸ், பேப்பர் வந்து சேரவே மாதக்கணக்காகும் என்று என் வக்கீல் சொன்னார். நான் போகவில்லை. மதராஸில் சுலோசனா கதவைத் திறக்கவில்லை, சித்தூரில் ஆபீஸ் சீல் வைத்திருக்கிறீர்கள். போக இடம் எது?

நடந்தது இவ்வளவுதான். முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது நான். தப்பான இடத்தைக் காட்டியது நான், அவன் குரலைக் கேட்ட பிறகும் அதை மாற்றாதது நான், துண்டை வைத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று நீங்கள் மேலே போட்டிருக்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். நான் அவனைத் தொடக்கூட இல்லை. பேசாதே என்று சொன்னேன், அவன் பேசவில்லை. ஆறு வருஷமாக அவனுக்கு அது பழக்கம்தானே.