தந்திக் கம்பியும் நைனா நிலமும்

செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில், மடியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பையோடு இருந்த விவசாயி பக்கத்து சீட்டில் இருந்த கடைக்காரரிடம் சொன்னார்:

“அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்க நைனா நிலத்துல நின்னுதான் வழக்காடினாங்க.”

“இன்னாத்துக்கு?”

“எல்லை தாண்டிப் போற தந்திக் கம்பி யாருதுன்னு. எங்க நிலம் பாதி இவன் பக்கம், பாதி அவன் பக்கம். பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் உழக்கூடாதுன்னு ரெண்டு தொரைங்களும் வந்து சொன்னாங்க.”

“உங்க நைனா கேட்டுக்கினாரா?”

“அவங்க கண்ணெதிர்லயே ஏரு பூட்டினாரு. ‘கம்பி எவனுதோ, மண்ணு என்னுது’ன்னாரு.”

“புடிச்சிக்கினு போயிருப்பானுங்களே.”

“எந்த சர்க்காரு புடிக்கிறதுன்னு அதுக்கும் பேச்சுவார்த்தை வெச்சாங்க. அது முடியிறதுக்குள்ள நாங்க கேழ்வரகு அறுத்து, களியும் கிண்டித் தின்னுட்டோம்.”