டயப்பருக்குப் பதில் கோலா

எனக்குக் கோலா ஆகாது. ஒரு டின் குடித்தால் விடிய விடிய நெஞ்சு எரியும். ஆனாலும் இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் என்னைவிட அதிகமாகக் கோலா விற்றவர் யாரும் கிடையாது. அதை விசாரிக்கத்தானே தலைநகரிலிருந்து இத்தனை தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

கோலா விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு இந்தக் கென்டக்கி மலையில் பாதி வீடுகள் அரசாங்க உணவு அட்டையில்தான் ஓடுகின்றன. அட்டையில் ரொட்டி வாங்கலாம், பன்றிக்கறி வாங்கலாம், கோலாகூட வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது, பெட்ரோல் போட முடியாது, கரண்ட் பில் கட்ட முடியாது. அதனால் அட்டையில் பணம் ஏறியதும் ஜனங்கள் டவுனுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகக் கோலா வாங்கி வந்து, என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்களிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சட்டத்தில் அதற்கு உணவு உதவி மோசடி என்று பெயர். இங்கே அதற்கு மாதப் பிறப்பு என்று பெயர்.

ஆமாம், நான் வாங்கினேன். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஓரா நெல் காடில், வயது ஐம்பத்தாறு, கோலா வாங்கி விற்றாள். கடை உரிமத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்னால் டிரெஸா நோபிளைப் பற்றி உங்கள் புகார் எண்ணுக்கு வந்த அழைப்பு, என் கடைத் தொலைபேசியிலிருந்து வந்தது என்கிறீர்கள். சரிதான். கோலா விற்ற நாற்பது பேரில் அவளை மட்டும் ஏன் காட்டிக் கொடுத்தேன் என்று கேட்கிறீர்கள். அதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

டிரெஸாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேலே வளைவைத் தாண்டி ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தாள். புருஷன் வேலை தேடி ஒஹாயோ போனவன் போனவன்தான். கார் கிடையாது. கையில் லேசி, ஐந்து மாதக் குழந்தை. என் புருஷன் டென்வர், நுரையீரலில் கரித்தூள் அடைத்துச் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு மூன்று தடவை கரு தங்கி மூன்று தடவையும் கலைந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பாப்பாவுக்கு டயப்பர் வேணுங்க்கா. துணியக் கிழிச்சுக் கட்டிப் பாத்தேன், புண்ணாயிடுச்சு. அட்டைல டயப்பர் தர மாட்டேங்கிறாங்க."

"நீ என்ன நேத்துதான் பொறந்தியா? ஊரே என்னடி பண்ணுது? கோலாவ இங்க எறக்கு, டயப்பர எடுத்துட்டுப் போ."

"மாட்டிக்கிட்டா?"

"இந்த மலைல எவ எவளக் காட்டிக் குடுத்திருக்கா?"

அது உண்மை. எங்கள் தாத்தா காலத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களை அதிகாரிகளிடம் சொன்னவன் வீடு எரியும். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்ன செய்தாலும் வெளியாள் கேட்டால் இங்கே எல்லோருக்கும் காது மந்தம். டிரெஸா சமாதானமாகிப் போனாள்.

மாதா மாதம் என் வேனில்தான் அவளை டவுனுக்குக் கூட்டிப் போவேன். அவள் பெரிய கடைக்குள் கோலா வாங்கும்போது நான் வேனில் லேசியை மடியில் வைத்திருப்பேன். லேசிக்கு என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் பழக்கம் வந்தது. அம்மாவின் காதை அவள் பிடிப்பதில்லை. நான் கவனித்திருக்கிறேன். டிரெஸா திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

டிரெஸா கெட்ட தாய் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஏழையான தாய், அவ்வளவுதான். என் வீட்டில் ஹீட்டர் இருந்தது, காலியான அறை இருந்தது. எது குழந்தைக்கு நல்லது என்று நான் யோசித்தேன்.

அட்டையை ஏற்கும் கடைக்காரர்களுக்கு நீங்கள் ஒரு விதிப் புத்தகம் அனுப்புகிறீர்கள் அல்லவா, அதை முழுக்கப் படித்தவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மீதியை டவுன் நூலகத்தில் படித்தேன். கொஞ்சமாக மோசடி செய்தால் அட்டையை ஒரு வருடம் நிறுத்துவார்கள், தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் அது பெரிய குற்றம், அதற்குத்தான் சிறை. டிரெஸா அந்தத் தொகையைத் தொட ஏழு மாதம் பிடித்தது. மூன்றாவது மாதத்தில் அவளுக்குப் பயம் வந்து நிறுத்தப் பார்த்தாள். நான்தான் தைரியம் சொன்னேன். ஏழாவது மாதம் முடிந்ததும் உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், பெயர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தபோது, பாவமே என்று டயப்பர் கொடுத்தேன், அவள் தந்த கோலா எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். அவளும் அதையே சொன்னாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை நேராக என்னிடம்தான் வந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னு சொல்லலக்கா. செத்தாலும் சொல்ல மாட்டேன். நீங்க இல்லேன்னா பாப்பா புண்ணோட கெடந்திருக்கும்." கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "எவ போன் பண்ணினாளோ. அவளுக்குப் புள்ளன்னு ஒண்ணு இருந்தா இப்படிச் செய்வாளா?" என்றாள்.

காபி போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை, அப்போது எனக்குப் பிள்ளை இல்லை.

நீதிபதி இளகிய மனசுக்காரர். முதல் தடவை என்பதால் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்து, மூன்று வருடம் கண்காணிப்பு என்றார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை டவுனில் கண்காணிப்பு அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும், தவறினால் உள்ளே. அட்டையில் அவள் பங்கை வெட்டிவிட்டார்கள், குழந்தையின் பங்கு தொடர்ந்து வந்தது. லேசி ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. அது எனக்கு முன்னமே தெரியும், தெரியாமல் இதில் இறங்கியிருக்க மாட்டேன்.

டவுனுக்கு இருபத்தாறு மைல். நான் கூட்டிப் போகிறேன் என்று கோர்ட்டிலேயே எழுந்து நின்று சொன்னேன். நீதிபதி எனக்கு நன்றி சொன்னார். நவம்பரும் டிசம்பரும் கூட்டிப் போனேன். ஜனவரியில் வேன் கெட்டுவிட்டது என்றேன். அவள் என் கடையிலிருந்து அதிகாரிக்குப் போன் செய்து கெஞ்சினாள். இந்த ஒரு தடவைதான் என்று அவர் மன்னித்தார். பிப்ரவரியிலும் வேன் ஓடவில்லை என்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஷெரீஃபின் ஆள் வந்து அவளைக் கூட்டிப் போனார்.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம். சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் சொந்தம் போலப் பழகியவரிடம் ஒப்படைக்கலாம் என்று விதி இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். டிரெஸா தன் கையாலேயே என் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை, சட்டம் செய்தது. குழந்தை தாயைப் பிரிந்து பதினைந்து மாதம் இருந்தால் தாயின் உரிமையை ரத்து செய்யச் சொல்லி அரசாங்கமே கோர்ட்டுக்குப் போகிறது. டிரெஸா சிறையில் இருந்தாள். லேசி என்னை அம்மா என்று கூப்பிட்டாள். யார் பார்த்தாலும் என்ன தீர்ப்பு எழுதுவார்கள்?

தத்து எடுத்து ஒரு வருடம் ஆனால் அந்தத் தீர்ப்பை யாரும் கிளற முடியாது என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். போன வியாழக்கிழமை ஒரு வருடம் ஆயிற்று. நீங்கள் அதற்கு முந்தின வாரம் வந்திருந்தால் நெஞ்சு வலி என்று படுத்திருப்பேன்.

டிரெஸா வெளியே வந்துவிட்டாள். ஏதோ ஒரு மோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாளாம். சிறைக்குப் போனவளுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? கிறிஸ்துமஸுக்கு லேசிக்கு ஸ்வெட்டர் அனுப்பினாள், கூடவே எனக்கு நன்றி சொல்லி ஒரு சீட்டு. ஸ்வெட்டர் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆகிற அளவு. லேசிக்கு இப்போது ஐந்து வயது. யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

வேனுக்கு என்ன கோளாறு என்று கேட்டீர்கள். ஒரு கோளாறும் இல்லை. கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன்.

பிப்ரவரியில் அன்று விடிந்ததிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிரெஸா ஏழு மணிக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேன் இன்னும் சரியாகவில்லை என்றேன். "அப்ப நடந்தே போறேங்க்கா. வழியில யாராச்சும் ஏத்திக்குவாங்க. பாப்பாவப் பாத்துக்குங்க," என்று லேசியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். அந்தப் பனியில் ஒரு வண்டியும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் குழந்தையோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். பாலத்தருகே அவள் திரும்பிக் கை ஆட்டினாள். லேசி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு, அம்மா அம்மா என்று அடித்தாள். நான் அந்தக் கைகளைப் பிரித்தெடுத்து உள்ளே தூக்கிப் போய்விட்டேன்.

ஜன்னல் ஓரம் குளிர் அடிக்கும். குழந்தைக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்றுதான்.